குமாவில் பச்சை, கடையில் ஆர்டர் இல்லை

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கு வலைத்தளம் செய்து கொடுக்கிறோம். நானும் ஒரு பார்ட்னரும்தான். 12 வேர்ட்பிரஸ் தளங்கள், எல்லாம் ஒரே விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்). அதே சர்வரில், மென்பொருளைத் தனித்தனிக் கண்டெய்னராக ஓட்டும் டாக்கரில், தளங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்து அறிவிக்கும் அப்டைம் குமாவும் ஓடுகிறது. போன மாதம் டிஸ்க் நிரம்பி சர்வர் ராத்திரி முழுக்கப் படுத்துவிட்டது. ஒரு மெசேஜ்கூட வரவில்லை. காலையில் கடைக்காரர் போன் செய்த பிறகுதான் தெரிந்தது. இன்னொரு தடவை ஒரு கடையில் பாதி நாள் ஆர்டரே போட முடியவில்லை, குமா பச்சையாகவே இருந்தது. ஆனால் ராத்திரி இரண்டரை மணிக்கு மட்டும் "டவுன்", அடுத்த நிமிடமே "அப்" என்று தவறாமல் வருகிறது. பார்ட்னர் டெலிகிராம் குரூப்பை மியூட் செய்துவிட்டார். பிராமிதியஸ் என்ற பெரிய கண்காணிப்பு மென்பொருளுக்கு மாறிவிடலாமா? ஆபீஸ் பில்லிங் கம்ப்யூட்டரையும் இதில் சேர்க்க முடியுமா? அதற்கு ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) கிடையாது.

பதில்: மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. 12 தளத்துக்குக் குமாவே தாராளம். அதை எங்கே வைத்திருக்கிறீர்கள், எதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள், எப்போது கத்தச் சொல்லியிருக்கிறீர்கள் என்ற மூன்றும்தான் இப்போது தவறாக இருக்கின்றன. பார்ட்னர் மியூட் செய்ததை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பொய் அலாரத்தை ஒரு வாரம் கேட்டவர் நிஜ அலாரத்துக்கு எழுந்திருக்க மாட்டார். அதனால் இந்த மூன்றையும் சரிசெய்த பிறகு, அந்தக் குரூப்பைத் திரும்ப நம்பலாம் என்று அவருக்குச் செய்து காட்ட வேண்டும்.

முதலில் இடம். டிஸ்க் நிரம்பிய அன்று குமாவும் அதே டிஸ்க்கில்தான் எழுதிக்கொண்டிருந்தது. அதன் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்பில் எழுத இடமில்லாமல் அதுவும் தளங்களோடு சேர்ந்து படுத்திருக்கும். பூட்டிய வீட்டுக்குள்ளேயே காவலாளியையும் வைத்துப் பூட்டிய கதை இது. பெரிய நிறுவனங்களும் இதில் மாட்டியிருக்கின்றன. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்பகம் முடங்கியபோது, எந்தச் சேவை கெட்டிருக்கிறது என்று காட்ட வேண்டிய அமேசானின் நிலைப் பக்கத்தையே சில மணி நேரம் திருத்த முடியவில்லை. அந்தப் பக்கத்தை நிர்வகிக்கும் கருவியும் எஸ்3-ஐ நம்பியே இருந்தது.

ஆகவே குமாவுக்குத் தனியாக ஒரு சின்ன விபிஎஸ் எடுங்கள். 1 கோர், 1 ஜிபி ராம், 10 ஜிபி டிஸ்க் போதும். மாதம் சில நூறு ரூபாய்தான் ஆகும். நிறுவனம் வேறாக இருக்க வேண்டும், டேட்டா சென்டரும் வேறாக இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் இன்னொரு விபிஎஸ் எடுத்தால், அவர்கள் நெட்வொர்க் விழும்போது இரண்டும் சேர்ந்தே விழும். அதற்காக அமெரிக்காவுக்குப் போகவும் வேண்டாம். வாடிக்கையாளர்கள் தமிழ்நாட்டில் இருக்கும்போது கடலடி கேபிள் தடுமாறுவதெல்லாம் உங்கள் தளத்தின் கோளாறாகப் பதிவாகும். மும்பை, பெங்களூரு, அதிகம் போனால் சிங்கப்பூர்.

ஆபீஸில் ஒரு ராஸ்பெரி பையில் போட்டுவிடலாமே என்று தோன்றும். பிராட்பேண்ட் போனால் 12 தளமும் ஒரே நேரத்தில் சிவப்பாகும், அந்தத் தகவலை வெளியே அனுப்பவும் வழியிருக்காது. லைன் திரும்பியதும் வரிசையாக "அப்" மட்டும் வந்து விழும். அது உங்களுக்கு எதையும் சொல்லாது.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை சில. டாக்கரின் அமைப்புகளை எழுதும் கம்போஸ் கோப்பில் குமாவின் போர்ட்டை வெறுமனே 3001:3001 என்று எழுதாதீர்கள், அதே மெஷினுக்குள் மட்டும் திறக்கும்படி 127.0.0.1:3001:3001 என்று எழுதுங்கள். டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் விதிகளைத் தாண்டிக்கொண்டு போகும். ஃபயர்வாலில் மூடிவிட்டோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது அது இணையத்துக்கே திறந்து கிடக்கும். புதிதாகப் போட்ட குமாவை யார் முதலில் திறக்கிறார்களோ அவர்தான் அட்மின் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எஸ்எஸ்எச் டனல் என்ற மறையாக்கப்பட்ட தனிப் பாதை வழியாக உள்ளே போய்க் கணக்கை உருவாக்கி, இரட்டைச் சரிபார்ப்பையும் போட்ட பிறகு வெளியே திறங்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் வலை சர்வரை வைத்தால், குமாவின் பக்கம் பயன்படுத்தும் வெப்சாக்கெட் இணைப்புக்கான அப்கிரேடு, கனெக்‌ஷன் ஹெடர்கள் இரண்டையும் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பக்கம் திறக்கும், லாகின் சுற்றிக்கொண்டே இருக்கும். கேடி என்ற வலை சர்வரை வைத்தால் இதை அதுவே பார்த்துக்கொள்ளும். டேட்டா ஃபோல்டர் அந்த விபிஎஸ்ஸின் சொந்த டிஸ்க்கிலேயே இருக்கட்டும். என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் டிஸ்க்கில் வைத்தால் கோப்புப் பூட்டு ஒழுங்காக வேலை செய்யாமல் எஸ்க்யூலைட் கெட்டுப்போகும்.

இப்போது குமாவையே யார் பார்ப்பது? புது விபிஎஸ்ஸில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு க்ரான் (நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலை) போடுங்கள். அது முதலில் அதே மெஷினில் 3001-ஐக் கர்ல் என்ற கட்டளை மூலம் தட்டிப் பார்க்கட்டும். பதில் வந்தால் மட்டும் ஹெல்த்செக்ஸ் போன்ற வெளிச் சேவையின் முகவரியைத் தட்டட்டும். அங்கே கால அளவு 5 நிமிடம், சலுகை நேரம் 10 நிமிடம் என்று வையுங்கள். தட்டல் நின்றால் அந்தச் சேவை உங்களுக்கு மெயில் அனுப்பும். இலவசத் திட்டமே போதும். அந்த மெயில் உங்கள் சொந்த டொமைன் முகவரிக்குப் போகக் கூடாது; உங்கள் மெயில் சர்வரும் சேர்ந்து விழுந்திருக்கக்கூடும்.

அடுத்தது, எதைப் பார்ப்பது. பாதி நாள் ஆர்டர் வராத கடைக்குப் பெரும்பாலும் பக்கங்களின் நகலைச் சேமித்துவைத்துக் காட்டும் கேஷ்தான் காரணம். முகப்புப் பக்கம் ஏற்கெனவே எச்டிஎம்எல்லாகத் தயாராக இருப்பதால், பின்னால் டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும் சரி என்று பொருள்படும் 200 என்ற பதிலோடு அழகாகத் திறக்கும். குமா அந்த 200-ஐப் பார்த்துப் பச்சை போட்டது. பிங் இதைவிட மோசம்: மெஷினுக்கு உயிர் இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பியைத் தடுத்து வைத்திருக்கும் சர்வராக இருந்தால் அதைக்கூடச் சொல்லாது. பாதுகாப்பான வலைத்தளங்களுக்கான 443 போர்ட்டை மட்டும் பார்த்தால் என்ஜின்எக்ஸ் ஓடுகிறது என்று தெரியும், கடை ஓடுகிறதா என்று தெரியாது.

ஒவ்வொரு தளத்துக்கும் எச்டிடிபி கீவேர்டு (பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்கும்) வகையில் ஒரு சோதனை போடுங்கள். அது கேஷ் ஆகாத பக்கத்தைப் பார்க்க வேண்டும். வூகாமர்ஸ் பிளகினில் ஓடும் கடையென்றால் கார்ட் பக்கம் அதற்குத் தோது. கேஷ் பிளகின்கள் வழக்கமாக அதைத் தொடுவதில்லை. வேர்ட்பிரஸ் முழுக்க ஏறி, டேட்டாபேஸைத் தொட்ட பிறகுதான் அந்தப் பக்கம் வரும். அதில் தேட வேண்டிய சொல், கடை சரியாக இருந்தால் மட்டுமே வரும் சொல்லாக இருக்கட்டும். கடையின் பெயரைப் போடாதீர்கள், பிழைப் பக்கத்தின் தலைப்பிலும் அது வரலாம். ஹோஸ்டிங் கணக்கு முடக்கப்பட்டு வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும் நிலையும் இதில் பிடிபடும். அந்தப் பக்கமும் 200 என்றே பதில் சொல்லக்கூடும், ஆனால் உங்கள் சொல் அதில் இருக்காது.

தமிழ்ச் சொல்லைக் கீவேர்டாகப் போடும்போது ஒரு சிக்கல் உண்டு. "ஒ", "ஓ", "ஔ" உயிர்க்குறிகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். "பொ" என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். குமா எழுத்துக் குறிகளை அப்படியே ஒப்பிடுவதால், தளத்தில் ஒரு விதமாகவும் நீங்கள் தட்டியது இன்னொரு விதமாகவும் இருந்தால் "கீவேர்டு இல்லை" என்றே சொல்லும். "பொருள்", "மொத்தம்" போன்றவற்றைத் தவிர்த்து "கூடை காலியாக" போன்ற சொல்லை எடுங்கள். எதை எடுத்தாலும் பக்கத்தின் மூலத்தைத் திறந்து அங்கிருந்தே நகலெடுங்கள். மூலத்தில் இல்லாமல் ஜாவாஸ்கிரிப்ட் பிறகு வரையும் எழுத்தைக் குமா பார்க்காது. ஆங்கிலச் சொல்லென்றால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு.

தளங்கள் கிளவுட்ஃபிளேர் என்ற இடைநிலைச் சேவைக்குப் பின்னால் இருந்தால் ஒன்றுக்கு இரண்டாகப் பாருங்கள்: ஒன்று கிளவுட்ஃபிளேர் வழியாக, இன்னொன்று நேராக உங்கள் சர்வரை. முதலாவது மட்டும் விழுந்தால் கோளாறு வழியில் இருக்கிறது. இரண்டும் விழுந்தால் சர்வரில். 521, 522 என்ற எண்கள் வந்தால் கிளவுட்ஃபிளேர் இருக்கிறது, அதனால் உங்கள் சர்வரை எட்ட முடியவில்லை என்று பொருள். 403 வந்தால் குமாவையே ரோபோ என்று தடுத்திருக்கிறது. புது விபிஎஸ்ஸின் ஐபியை விதிவிலக்கில் சேருங்கள். வேர்ட்பிரஸ் பாதுகாப்பு பிளகின்களிலும் இதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கும்.

டிஎல்எஸ் (பாதுகாப்பு இணைப்பு) சான்றிதழ் காலாவதி எச்சரிக்கையை எல்லாத் தளத்துக்கும் டிக் செய்யுங்கள். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் முன்பு அனுப்பிவந்த காலாவதி மெயில்களை 2025 ஜூன் 4 முதல் நிறுத்திவிட்டது. இனி உங்கள் கண்ணுக்குக் குமாதான் துணை. குமா வழக்கமாக 21, 14, 7 நாள் இருக்கும்போது சொல்லும். 90 நாள் சான்றிதழை, அதைப் புதுப்பிக்கும் சர்ட்பாட் கருவி 30 நாள் மீதமிருக்கும்போதே புதுப்பித்துவிட வேண்டும். ஆகவே 21 நாள் எச்சரிக்கை வந்தால், புதுப்பிப்பு ஏற்கெனவே ஒன்பது நாளாகத் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். "இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே" என்று விடாதீர்கள். கோப்பு புதிதாகவே இருந்து, என்ஜின்எக்ஸை ரீலோடு செய்யாததால் பழைய சான்றிதழே வெளியே போய்க்கொண்டிருப்பதும் உண்டு. டிஎல்எஸ் பிழையைப் புறக்கணி என்ற டிக்கை எங்காவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

இனி அந்த இரண்டரை மணி. அந்த நேரத்தில் பேக்கப் ஓடுகிறதா என்று க்ரான் பட்டியலைப் பாருங்கள். சர்வர் யுடிசி (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) நேரத்தில் இருந்தால் உங்கள் 2.30 அங்கே முந்தைய நாள் இரவு 21.00 என்று எழுதியிருக்கும். பலர் பட்டியலைப் பார்த்துவிட்டு "அந்த நேரத்தில் ஒன்றும் இல்லையே" என்று சொல்வது இதனால்தான். டேட்டாபேஸை நகலெடுக்கும் மைஎஸ்க்யூஎல்டம்ப் அட்டவணைகளைப் பூட்டிக்கொண்டு எடுக்கும்போது பக்கங்கள் காத்துக் கிடக்கும். அட்டவணைகள் இன்னோடிபி வகை என்றால் சிங்கிள் டிரான்சாக்‌ஷன் என்ற தேர்வைச் சேர்த்தால் பூட்டு இல்லாமல் எடுக்கும். முன்னுரிமையைக் குறைக்கும் நைஸ், ஐஓநைஸ் கட்டளைகள் இரண்டையும் முன்னால் போட்டால் டிஸ்க்கை மொத்தமாக அமுக்காது. குமாவில் அலாரத்தை நிறுத்திவைக்கும் பராமரிப்பு நேரம் என்று ஒன்று உண்டு, அதில் 2.30-ஐப் போட்டு மறைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தினமும் ஒரே நேரத்தில் கடை திணறுகிறது என்றால் அது நிஜக் கோளாறு. அலாரம் சரியாகத்தான் அடித்திருக்கிறது.

நேரம் காலம் இல்லாமல் 12 தளமும் ஒரே நொடியில் விழுந்து எழுந்தால் அது வேறு. செய்தியில் "ஈஏஐ அகெய்ன்" (EAI_AGAIN) என்று இருந்தால் தளத்துக்கு ஒன்றுமில்லை, கண்டெய்னருக்குள் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபியாக மாற்றும் சேவை) தடுமாறியிருக்கிறது. கம்போஸ் கோப்பில் டிஎன்எஸ் என்று 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் எழுதிவிடுங்கள்.

பிறகு எண்கள். சோதனை இடைவெளி 60 நொடி, மறுமுயற்சி 3, மறுமுயற்சி இடைவெளி 20 நொடி, டைம்-அவுட் 15 நொடி. டைம்-அவுட் பெட்டியைத்தான் யாரும் தொடுவதில்லை. இடைவெளி 60 என்றால் அது தானாக 48 என்று நிற்கும். சர்வர் பதிலே சொல்லாமல் தொங்கினால் ஒவ்வொரு முயற்சியும் அந்த 48 நொடியைத் தின்னும். முதல் சோதனைக்கு 60, நான்கு முயற்சிக்கு 192, இடைவெளிகளுக்கு 60; கூட்டினால் 5 நிமிடத்துக்கு மேல். 15 ஆக்கினால் அதே கணக்கு 3 நிமிடத்தில் முடியும். மறுமுயற்சியை 0 என்று விட்டால் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் கத்தும், 10 என்று வைத்தால் வாடிக்கையாளர் முந்திக்கொள்வார். இடைவெளியை 20 நொடியாக்க வேண்டாம். ராத்திரி எழுந்து உட்கார இரண்டு பேருக்கே சில நிமிடம் ஆகும்போது அந்த 40 நொடியில் லாபம் இல்லை, பதிவுகள் மட்டும் மூன்று மடங்காகும். கடைக்காரர்களுக்கு 99.9% என்று எழுதிக் கொடுத்திருந்தால் 30 நாளில் அதிகபட்சம் 43 நிமிடம்தான் படுக்கலாம். 99% என்றால்கூட 7 மணி 12 நிமிடம். ஒரு ராத்திரியில் அது போய்விடும்.

அறிவிப்பை இரண்டாகப் பிரியுங்கள். சான்றிதழ், டிஸ்க், பேக்கப் போன்ற பொறுமையான செய்திகள் ஒரு குரூப்புக்கு. அதை மியூட் செய்தால் பரவாயில்லை. கடை விழுந்தது என்பது மட்டும் வேறு வழியில், இருவர் போனுக்கும். போனுக்கு அறிவிப்பு அனுப்பும் என்டிஎஃப்ஒய் செயலியைக் குமாவோடு இணைத்து முன்னுரிமை 5 என்று வைத்து, போனில் அந்தச் செயலிக்குத் தொந்தரவு வேண்டாம் நேரத்திலும் ஒலிக்க அனுமதி கொடுங்கள். பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்தும் அதை விலக்குங்கள். இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு ராத்திரியில் அதைத் தூங்கவைத்துவிடும். எஸ்எம்எஸ் நல்ல வழிதான். ஆனால் இந்தியாவில் நிறுவனத்தையும் செய்தி வார்ப்பையும் டிஎல்டி என்ற தொலைத்தொடர்புப் பதிவேட்டில் பதிய வேண்டும், இருவருக்காக அந்த அலைச்சல் தேவையில்லை. டெலிகிராமில் ஒரு கண்ணி: சாதாரண குரூப் சூப்பர்குரூப்பாக மாறினால் அதன் சாட் ஐடி மாறிவிடும், புதியது -100 என்று தொடங்கும். குமா பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும், உங்களுக்கு எதுவும் வராது.

டிஸ்க் நிரம்புவதை வெளியே இருந்து பார்க்கும் குமாவால் முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் புஷ் வகை இருக்கிறது: குமா போய்க் கேட்காது, உங்கள் மெஷின்தான் வந்து "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அலாரம். தள சர்வரில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்கிரிப்ட் டிஎஃப் கட்டளை மூலம் டிஸ்க்கைப் பார்க்கட்டும். 85 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மட்டும் புஷ் முகவரியைத் தட்டட்டும். குமாவில் இடைவெளி 900 நொடி. இடம் மட்டுமல்ல, ஐனோடு (ஒவ்வொரு கோப்புக்குமான பதிவு) எண்ணிக்கையையும் அதே ஸ்கிரிப்டில் பாருங்கள்; பிஎச்பி செஷன் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் ஜிபி கணக்கில் இடம் இருந்தும் புதுக் கோப்பு எழுத முடியாது.

ஆபீஸ் பில்லிங் கம்ப்யூட்டருக்கும் இதே வழி. வெளியே இருந்து உள்ளே வர வழியில்லை என்றாலும் உள்ளே இருந்து வெளியே போகலாம், ஸ்டாட்டிக் ஐபி தேவையே இல்லை. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் நிமிடத்துக்கு ஒருமுறை கர்ல், குமாவில் 180 நொடி. கடை பூட்டி மெஷினை அணைக்கும் நேரத்துக்குப் பராமரிப்பு நேரம் போடுங்கள்; அந்த வசதி இதற்குத்தான்.

பேக்கப்புக்கும் புஷ் வையுங்கள், இடைவெளி 25 மணி நேரம், அதாவது 90,000 நொடி. ஆனால் ஸ்கிரிப்டின் கடைசி வரியில் சும்மா தட்டச் சொல்லாதீர்கள். டம்ப்பைச் சுருக்குவதற்காக ஜிஜிப்புக்குள் பைப் செய்யும்போது, டம்ப் தோற்றாலும் பைப்பின் முடிவு ஜிஜிப்பின் முடிவாகவே பதிவாகும். அது வெற்றி என்றே சொல்லும். கையில் மிஞ்சுவது 20 பைட் கொண்ட காலிக் கோப்பு. நடுவில் தோற்றதையும் தோல்வியாகவே காட்டும் பைப்ஃபெயில் தேர்வைப் போட்டு, புதுக் கோப்பின் அளவு நேற்றையதில் பாதிக்குக் குறையவில்லை என்று பார்த்த பிறகே தட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும், பார்ட்னர் பக்கத்தில் இருக்கும்போது பகலில் ஒரு தளத்தின் டேட்டாபேஸ் கடவுச்சொல்லை வேண்டுமென்றே தவறாக மாற்றுங்கள். முகப்பு கேஷிலிருந்து திறந்துகொண்டே இருக்கும், கார்ட் விழும். எத்தனை நிமிடத்தில் இருவர் போனும் ஒலிக்கின்றன என்று கடிகாரத்தில் பாருங்கள். பிறகு குமா கண்டெய்னரை நிறுத்திவிட்டு, 15 நிமிடத்துக்குள் அந்த வெளி மெயில் வருகிறதா என்று பாருங்கள். இதை மாதம் ஒருமுறை செய்யலாம்.

பிராமிதியஸ் பற்றி: பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர், அலர்ட்மேனேஜர், கிராஃபானா என்று மூன்று நான்கு துண்டுகளைப் பராமரிக்க வேண்டும். சர்வர்கள் பத்தைத் தாண்டி, ராம், சிபியு போக்கெல்லாம் வரைபடமாக வேண்டும் என்றபோது யோசிக்கலாம். எல்லா அமைப்பும் கிட் (Git) களஞ்சியத்தில் கோப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் கேட்டஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் பாருங்கள், ஒரே யாம்ல் கோப்புதான்.

குமா பதிப்பு 1-இலேயே இருந்தால் இந்த இடமாற்றத்தோடு 2-க்குப் போய்விடலாம். பழைய பதிப்பு ஒவ்வொரு சோதனையையும் தனி வரியாகச் சேர்க்கிறது. நிமிடத்துக்கு ஒன்று வீதம் 30 சோதனைகள் என்றால் நாளுக்கு 43,200, வழக்கமான 180 நாளில் 77,76,000 வரிகள். பக்கம் மந்தமாவது அதனால்தான். முதலில் அமைப்புகளில் வரலாற்றை 30 நாளாகக் குறைத்து, பழையது அழிந்த பிறகு கண்டெய்னரை நிறுத்தி டேட்டா ஃபோல்டரை முழுசாக நகலெடுங்கள். ஓடும்போது டேட்டாபேஸ் கோப்பை மட்டும் எடுத்தால், பக்கத்தில் இருக்கும் வால் (WAL) என்ற தற்காலிகப் பதிவுக் கோப்பில் உள்ள கடைசிப் பதிவுகள் விடுபடும். பிறகு இமேஜ் டேக்கை லேட்டஸ்ட் என்று விடாமல் 2 என்று எழுதித் தொடங்குங்கள். டேட்டா மாறி முடிய வரிகளின் எண்ணிக்கையைப் பொறுத்துச் சில நிமிடமும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம். தொங்கிவிட்டது என்று நடுவில் நிறுத்தாதீர்கள். நகலெடுத்ததும் பழைய சர்வரில் உள்ள குமாவைத் திரும்பத் தொடங்குங்கள், அதுவரை அது ஓடட்டும். புதியதில் சோதனை முடிந்த மறுநாள் அதை எடுத்துவிடுங்கள்.